சீப்பு விழாத கடை

சிவகாசி,
புரட்டாசி 9, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய கற்பகவல்லி மதினி அவர்களுக்கு, அழகுமீனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் சௌக்கியம்; பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுவதையும் சேர்த்துச் சொன்னால் முக்கால் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணனும் மருமகன் தருண்குமாரும் ஓசூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டி நம் மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

முதலில் மன்னிப்பு. பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் ஆடி மாதம் அனுப்பிய கவுன் பத்திரமாக வந்து சேர்ந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்போது கவுன் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. இப்போது அளவாக இருக்கிறது. தாமதம் எவ்வளவு என்பதை அதை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப். நான் "மதினி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்துக் குரலைப் பதிந்து அனுப்பினால் அதை அண்ணன் முதலில் கேட்பான். கேட்டதும் இவருக்குப் போன் போட்டு "என்ன மாப்ளே, அங்கன எதும் சண்டையா" என்பான். இவர் வேனை ஓரங்கட்டி எனக்குப் போன் போடுவார். அதற்குள் மல்லாங்கிணறில் அம்மா வீட்டுக்குச் செய்தி போய், சாயங்காலப் பஸ்ஸில் அப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கிவிடுவார். ஆகவே கடிதம். பி.காமில் வணிகக் கடிதப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் என்பதால் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதிவிடுவேன் என்று நம்புகிறேன்.

இந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பிப்ரவரி 30. எங்கள் முதலாளியம்மாவின் வீட்டுக்காரர் சீனிவாசகம் அண்ணாச்சி காலண்டர் அச்சடிக்கிறவர் அல்லவா, இந்த வருஷம் தினசரிக் காலண்டரில் யாரோ ஒரு நாளைக் கூட்டி அடித்துவிட்டார்கள். அந்த நாளுக்கு நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாமே போட்டிருக்கிறது. கட்டுக்கட்டாக வீணாய்ப் போன அந்தத் தாளைத்தான் பார்லரில் முடி துடைக்கத் தந்திருக்கிறார்கள். பாப்பா படம் வரைய நான் கொஞ்சம் எடுத்து வந்தேன்.

விஷயம் இதுதான் மதினி. நீங்கள் வேலை பார்க்கிற பார்லரில் எனக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா? இங்கே என்னை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நாளை சனிக்கிழமை வரை கெடு. போட்டால் வேலை இருக்கும், என் பேர் இருக்காது. போடாவிட்டால் பேர் இருக்கும், வேலை இருக்காது. நான் போடுவதாக இல்லை. ஏன் என்பதை மட்டும் கேளுங்கள்.

பொன்னுத்தங்கம் அக்காவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். மகள் பிரீத்தி கோர்ஸ் படித்தாள் என்று அவளுக்காக ஏசி, கண்ணாடி, சுற்றுகிற நாற்காலி நாலு எல்லாம் போட்டுக் கடையைத் திறந்தார்கள்; திறந்த ஆறாவது மாதம் அவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். கடை நின்றுபோகக் கூடாது என்று அக்காவே முதலாளியாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று எழுதுவது தப்பு, நின்றார்கள். எனக்குப் பின்னால், இடது தோளுக்கு நேராக. அவர்கள் கத்திரி பிடித்ததே கிடையாது மதினி, வெண்டைக்காயைக்கூட ஆள் வைத்துத்தான் நறுக்குவார்கள். ஆனால் போனில் வீடியோ பார்ப்பார்கள். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பெண் முடியை மேலே தூக்கி வெட்டுகிறாள் என்றால் அன்றைக்கு வருகிற எல்லாருக்கும் தூக்கித்தான் வெட்ட வேண்டும். மறுநாள் வேறொருத்தி தலையைக் குனிய வைத்து வெட்டினால் இங்கே எல்லாரும் குனிய வேண்டும். போன மாசம் ஒரு வாரம் பூராவும் காய்ந்த முடிதான் வெட்டணும், தண்ணி தெளிக்கக் கூடாது என்று தண்ணி பாட்டிலைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவுக, நான் வெட்டுறதை நின்னு பாத்தாக. "ஏம்மா, கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெட்டுறியே, மொத்தமா அடுக்கி ஒரே வெட்டா வெட்டுனா நேரம் மிச்சந்தான" அப்படின்னாக. "அண்ணாச்சி, தலை உருண்டையா இருக்கும், தாளு மாதிரி தட்டையா இருக்காது" அப்படின்னேன். அதுக்கு அவுக, "மரமும் உருண்டைதான். தாளு தட்டையா வரலையா" அப்படின்னுட்டுப் போயிட்டாக. மறுநாள் அச்சாபீஸ்லருந்து ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் வந்துச்சு. அதுலருந்து எந்தப் பொண்ணு முடி வெட்டிக்கிட்டாலும் பொன்னுத்தங்கம் அக்கா முதுகுல ஸ்கேலை வச்சுப் பார்ப்பாக. ஏசி குளிர்ல அந்த ஸ்கேல் கழுத்துல பட்டதும் பொண்ணு துள்ளும், நான் பிடிச்சிருக்கிற முடி வழுக்கும், அளவு கோணும். கோணுனதும் "பாத்தியா, ஸ்கேல் வச்சதாலதான் தெரிஞ்சது" அப்படிம்பாக.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன் மதினி. அப்புறம்தான் கேமரா வந்துச்சு. இது பேசுற கேமரா. வீட்டுல சோபாவுல உட்கார்ந்து அவுக போனைப் பார்ப்பாக, பேசுனா இங்க கண்ணாடிக்கு மேல இருக்கிற பெட்டிக்குள்ளருந்து குரல் வரும். முத நாள் மாட்டுனதை எங்கிட்டயும் சொல்லல, கஸ்டமர்ட்டயும் சொல்லல. திருத்தங்கல்லருந்து ஒரு வயசான அம்மா நரைச்ச முடி நுனியைச் சரி பண்ணிக்க வந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாக. திடீர்னு மேலருந்து "இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே" அப்படின்னு ஒரு குரல். அந்தம்மா கண்ணைத் திறக்காமயே ரெண்டு கையையும் கூப்பி, "ஆகட்டும் தாயி, இந்தப் பங்குனிக்கு முழுசாவே இறக்கிடுறேன்" அப்படின்னுட்டாக. பாதி வெட்டோட எந்திரிச்சுப் போனவுகளைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கத்திரியோட ஓடுனேன்.

அப்பல்லாம் நம்ம கடையைத்தான் நெனச்சுக்குவேன். விருதுநகர்ல, மிளகா வத்தல் கமிஷன் கடை மாடியில, உங்க பேர்ல பாதியும் எம் பேர்ல பாதியும் போட்டு 'மீனவல்லி பியூட்டி பார்லர்' அப்படின்னு நீங்களே பெயிண்ட் அடிச்ச போர்டு. ரெண்டு நாற்காலி, அதுல ஒண்ணு ஆடும். கீழ வத்தல் மூட்டையை இறக்கும்போது நெடி மாடிப்படி ஏறி வரும், மொத்தக் கடையும் தும்மும். எத்தனை மணிக்கு லோடு வரும்னு கேட்டு வச்சுத்தானே முன்முடியில கத்திரி வைப்போம். லாரி ஹாரன் கேட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்திரியைத் தூக்கிடுவோம், கஸ்டமர் தும்மி முடிச்சதும் இறக்குவோம். புதுசா வர்றவுக நம்ம ஏதோ பூசை பண்றோம்னு நெனப்பாக. இங்கன ஏசி ரூமுல ஒருத்தரும் தும்முறதில்ல. நிம்மதியா இருக்கும்னுதான் நெனச்சேன், என்னமோ வெட்டுறதுல ஒரு தாளமே இல்லாம போச்சு.

நம்ம சீப்புச் சட்டம் ஞாபகம் இருக்கா? நான் சேர்ந்த புதுசுல ஒரு கல்யாணப் பொண்ணுக்கு முன்முடி வெட்டுறப்ப ஒரு பக்கம் ஏத்திட்டேன். நீங்க பதறுனதுல உங்க கையில இருந்த சீப்பு தரையில விழுந்துச்சு. நான் சத்தத்துக்கு நின்னேன், கண்ணாடியைப் பார்த்தேன், தப்பு தெரிஞ்சது. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அதுலருந்து அதுவே சட்டமாச்சு: கஸ்டமர் முன்னாடி ஒருத்தர் வேலையைப் பத்தி இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது, தப்புத் தெரிஞ்சா சீப்பைக் கீழ போடணும், சீப்பு விழுந்தா கத்திரி நிக்கணும், என்ன தப்புன்னு கேக்கக் கூடாது, வெட்டுறவதான் கண்டுபிடிக்கணும். எத்தனை சீப்பு பல்லு போச்சு. கடையை மூடுன அன்னைக்கு அண்ணன் பெருக்குனப்ப நாற்காலிக்கு அடியில ஒரு கை நிறைய சீப்புப் பல்லு அள்ளுனான். அண்ணனுக்கு ஓசூர்ல வேலை, எனக்கு வயித்துல ஆறு மாசம், பூட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் அழாம இருக்கிறதுக்காக வத்தல் நெடின்னு சொல்லிக்கிட்டோம். அன்னைக்கு லோடே வரல மதினி, ஞாயித்துக்கிழமை.

சரி, சுருக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். நடந்ததுக்கு வருகிறேன்.

பட்டாசுக் கம்பெனிப் பொம்பளைகளுக்கு நம்ம எப்படி வெட்டுவோம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வந்து உட்கார்ந்ததும் எந்தக் கம்பெனி, என்ன வேலைன்னு கேட்போம். மருந்து அறையில வேலை பார்க்கிறவுகளுக்கு ஹேர்பின் ஆகாது, கிளிப் ஆகாது, உலோகம்னு ஒண்ணு தலையில இருக்கக் கூடாது, உரசுனா பொறி. முடியும் முகத்துல விழக் கூடாது. அதனால அடி முடி எல்லாம் ஒரே நீளம் வர்ற மாதிரி வெட்டி, முறுக்கிக் கொண்டையைப் போட்டு நுனியை உள்ள சொருகச் சொல்லுவோம். அப்புறம் தலையை மூணு தடவை உதறச் சொல்லுவோம். அவிழ்ந்தா திரும்ப உட்கார வைப்போம், அவிழலைன்னாதான் படி இறங்க விடுவோம். அந்த மூணு உதறலுக்காகவே சாத்தூர்லருந்தெல்லாம் நம்மளத் தேடி வந்தாக.

போன ஞாயித்துக்கிழமை பொன்னுத்தங்கம் அக்கா சீசன் ஆஃபர் போட்டாக, ஒரு வேன் ஆளுகளுக்கு லேயர் கட். எந்த வேன்னு நெனைக்கீக? நம்ம வீட்டு வேன்தான். இவுக முனியராஜ் ஓட்டுற வேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனிக்குப் போற பொம்பளைக ஒன்பது பேரைப் பொண்டாட்டிக்குப் பெருமை சேர்க்கிறேன்னு லீவு நாள்ல கூட்டியாந்து இறக்கிட்டு, "பாத்து நல்லா செஞ்சு விடு, என் மானம் இருக்கு" அப்படின்னுட்டு டீக்கடைக்குப் போயிட்டாக.

நான் வேணாம்னுதான் சொன்னேன். அடுக்கடுக்கா வெட்டுனா மேல இருக்கிற குட்டை முடி கொண்டையில நிக்காது, கம்பெனி வாசல்ல பிடிப்பாகன்னு சொன்னேன். அதுக்குப் பாண்டிலட்சுமின்னு ஒருத்தி, அந்த வேன்லயே வாய் ஜாஸ்தி, "ஏத்தா, ஒன்னையும் பாக்கோம், ஒங் கண்ணாடியில ஒட்டியிருக்கிற பொம்பளையையும் பாக்கோம், எங்களுக்கு மட்டும் பதினஞ்சு வயசுலருந்து அதே கொண்டையா? வருசம் பூரா ஊரு உலகத்துக்கு மத்தாப்பு செஞ்சு குடுக்கோம், எங்க தலையில ஒரு நாளு ஒரு மினுமினுப்பு இருக்கக் கூடாதா" அப்படின்னா. அவ கேட்டதுல என்ன தப்பு? அதனால ஒரு நடுவழி பார்த்தேன். லேயர்தான், ஆனா மேல் அடுக்கையும் நீளமாவே விடுறது; பார்க்கவும் அழகா இருக்கும், முறுக்குனா கொண்டைக்குள்ளயும் வந்துடும். முத தலையில பாதி முடிச்சிருப்பேன், பெட்டிக்குள்ளருந்து குரல்: "அழகு, இன்னும் ஏத்து." கொஞ்சம் ஏத்துனேன். "வீடியோவுல காது வரைக்கும் வருது. ஏத்து." அக்கா, இவுகளுக்கு வேலை இடத்துலன்னு ஆரம்பிச்சேன். "கடை யாரோடது?" அப்படின்னுச்சு பெட்டி. ஒன்பது பேரும் மேல பார்த்தாக, அப்புறம் என்னைப் பார்த்தாக. நான் காது வரைக்கும் ஏத்துனேன் மதினி. ஒன்பது தலையும். கத்திரி நீங்க குடுத்தது, கை என்னது, அதை மறைக்கல.

அழகாத்தான் இருந்துச்சு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போட்டோ எடுத்துக்கிட்டாக. வேன்ல ஏறுறப்ப பாண்டிலட்சுமி தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிட்டு ஏறுனா, இவுக பயந்து வழி விட்டாக.

திங்கக்கிழமை காலையில கம்பெனி வாசல்ல போர்மேன் கோட்டைச்சாமி அண்ணன் நிப்பாக. பீடி, தீப்பெட்டி, போன், பின்னு எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விடுவாக. நல்ல மனுசன், ஆனா வாசல்ல நிக்கும்போது பெத்த அம்மாவா இருந்தாலும் சோதிக்காம விட மாட்டாக. ஒன்பது பேரும் கொண்டை போட்டுட்டு வந்து நின்னாக, நிக்கும்போதே ஒவ்வொண்ணா அவிழ ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தி விளக்கெண்ணெயை வழிய வழியத் தடவிட்டு வந்திருக்கா, முடி வழுக்கிக் கண்ணுல இறங்குது. ஒருத்தி சோத்துக் கஞ்சியைத் தேச்சிருக்கா, அது காய்ஞ்சு நட்டுக்கிட்டு நிக்குது. பாண்டிலட்சுமி துண்டால கட்டியிருந்தா, துண்டுக்கு வெளிய ரெண்டு காதுப்பக்கமும் ஆட்டுக்குட்டி காது மாதிரி தொங்குது. கோட்டைச்சாமி அண்ணன் அசையல. "ஒண்ணு முடியை உள்ள வச்சுட்டு வாங்க, இல்லைன்னா வீட்டுல வச்சுட்டு வாங்க" அப்படின்னுட்டாக. சீசன் நேரம், ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, ஒன்பது பேர் வேலையில்லாம வெளிய. அம்புட்டுப் பேரையும் திருப்பி ஏத்திக்கிட்டு இவுக நேரா பார்லருக்கு வந்தாக. நான் அப்பத்தான் பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு, மூக்கைத் துடைச்சு விட்டமா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே ஷட்டரைத் தூக்குறேன், பின்னாடி வேன் கதவு திறக்குது.

பொன்னுத்தங்கம் அக்கா அன்னைக்கு நேர்லயே வந்திருந்தாக. "வெட்டுனது இவ" அப்படின்னு என்னைக் காட்டுனாக. பாண்டிலட்சுமி நிமிந்து பெட்டியைப் பார்த்து, "அப்ப அங்கன இருந்து பேசுனது யாரு, கருப்பசாமியா" அப்படின்னா.

எனக்குத் தோணுன ஒரே வழி பொடிப் பின்னல்தான். உச்சியிலருந்து தலையை ஒட்டி, வரப்புப் போட்ட மாதிரி இறுக்கிப் பின்னி, நுனியைப் பருத்தி நூலால கட்டுறது; குட்டை முடியும் பின்னலுக்குள்ள அடங்கும். ஒரு தலைக்கே முக்கால் மணி நேரம் ஆகும், ஒன்பது தலை. ரெண்டாவது தலையில என் விரல் மரத்துப் போச்சு. பின்னாடி அக்கா, "இறுக்கு, இன்னும் இறுக்கு" அப்படின்னுக்கிட்டே இருந்தவுக, திடீர்னு சேலையை இழுத்துச் சொருகிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருத்தி தலையைப் பிடிச்சாக. மதினி, நான் அசந்துட்டேன். அவுக கை ஓடுற வேகத்தைப் பார்க்கணுமே. கத்திரிதான் தெரியாது, பின்னலு அப்படித் தெரியுது. "வீட்டுல மூணு பொண்ணு, மூணும் முட்டளவு முடி, ஏழரை மணிக்கு ஸ்கூல் பஸ்" அப்படின்னாக. நான் ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள அவுக ரெண்டு முடிச்சாக.

கடைசியில அக்கா பாண்டிலட்சுமி பின்னலை நூலால கட்டிட்டு, பழக்க தோசத்துல தன் தலையிலருந்த ஹேர்பின்னை உருவி அவ பின்னலுக்குள்ள சொருகிட்டாக. பின்னலுக்கு அடியில போயிடுச்சு, வெளிய தெரியல. பாண்டிலட்சுமிக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது. சொல்லணும்னு நெனைக்கிறதுக்கு முன்னாடியே என் கையிலருந்து சீப்பு கீழ விழுந்துச்சு மதினி. நாலு வருசமாச்சு, கை மறக்கல. பொன்னுத்தங்கம் அக்கா "பாத்துப் பிடிக்கக் கூடாதா, விலை என்னன்னு தெரியுமா அந்தச் சீப்பு" அப்படின்னாக. அப்புறம் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. நம்ம சட்டத்தையும் சொன்னேன், பின்னையும் காட்டுனேன். அவுக பின்னை உருவிக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டே நின்னாக. அந்தப் பின்னோட அந்தப் பொண்ணு எந்த அறைக்குள்ள போய் உட்காரப் போறான்னு அப்பத்தான் அவுகளுக்கு உறைச்சிருக்கணும். செவ்வாய்க்கிழமை ஒன்பது பேரும் வேலைக்குப் போயிட்டாக.

அத்தோட முடிஞ்சிருக்கலாம். ஆனா அந்தக் கம்பெனிக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் அச்சடிக்கிறது சீனிவாசகம் அண்ணாச்சி. உங்க வீட்டுக் கடையால எங்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டுச்சுன்னு கம்பெனியிலருந்து அண்ணாச்சிக்குப் போன் வந்திருக்கு. புதன்கிழமை அக்கா ஒரு தாளை நீட்டுனாக. "நிர்வாகத்தின் ஆலோசனையை மீறி, என் சொந்த முறையில் முடி வெட்டியதால்" அப்படின்னு ஆரம்பிக்குது. என் சொந்த முறையில வெட்ட விட்டிருந்தாத்தான் இந்த வம்பே இல்லையே மதினி. இதுல நான் கையெழுத்துப் போட்டா சாத்தூர்லருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் எந்தக் கம்பெனிப் பொம்பளையும் என் கத்திரிக்குக் கழுத்தைக் குனிய மாட்டா. மூணு தடவை உதறிப் பார்த்து நம்ம ரெண்டு பேரும் சேர்த்த பேரு அது. அதுல பாதி உங்களோடது, நான் மட்டும் எப்படிக் கையெழுத்துப் போட?

பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி ரெண்டு நாளா வீட்டுல இருக்கேன். காய்ச்சல் இல்லைன்னு தெர்மாமீட்டர் சொல்லுது, எனக்குத்தான் அதை நம்ப முடியல, மணிக்கொரு தடவை வைக்கிறேன். அவ பொம்மைக்கு முடி வெட்டுற விளையாட்டு விளையாடுறா. பொம்மையை உட்கார வச்சுட்டு, கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, மூக்கடைச்ச குரல்ல "ஏத்து, ஏத்து" அப்படிங்கிறா. கண்டிக்கலாம்னா அவளுக்கு வச்சிருக்கிறது வீரலட்சுமின்னு என் மாமியார் பேரு. பேரைச் சொல்லி அதட்டுனா நான் அவுகளை அதட்டுன மாதிரி ஆயிடும். அதனால என் பிள்ளை அதட்டலே இல்லாம வளருது.

இவுகட்ட யோசனை கேட்டேன். "கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு" அப்படிங்கிறாக. பின்னாடி நின்னு பேசுறவுக தொல்லை உங்களுக்கு எங்க தெரியப் போகுதுன்னு கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவுக கையை நிறுத்தி, "வேன்ல ஏறுனா பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, மாடு வருது, லாரி வருது, பிரேக்கைப் பிடிங்கன்னு நீயும்தான் ஓட்டுற. நான் யார்ட்டயாவது தாள்ல கையெழுத்துக் கேட்டேனா?" அப்படின்னாக. இதையும் அதையும் ஒண்ணாச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்க. அங்கன நெசமாவே மாடு வந்துச்சு.

ஆகவே, மதினி அவர்கள் தயவுசெய்து ஓசூரில் தங்கள் முதலாளியிடம் பேசி எனக்கு ஒரு நாற்காலிக்கு ஏற்பாடு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆடுகிற நாற்காலியானாலும் சரி. இவர் வேனை விட்டு வர மாட்டார், பாப்பா ஸ்கூலை விட்டு வரக் கூடாது, எப்படி வருவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் கத்திரி பிடித்து வந்த இத்தனை வருஷத்தில் நான் வெட்டிய வெட்டில் குறை என்று ஒருத்தர் சொன்னதில்லை. இனியும் யாரும் எனக்குப் பின்னால் நிற்க நான் விடுவதாக இல்லை. இதில் மாற்றமே கிடையாது.

அண்ணனுக்கு என் வணக்கம், ஆனால் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். மருமகனுக்கு முத்தம். அவன் முடியை நீங்களே வெட்டுங்கள், வெளியில் விடாதீர்கள். உங்கள் கைக்கு வலி வராமல் இருக்கட்டும், கத்திரிக்கு மழுங்கல் வராமல் இருக்கட்டும், நீங்கள் வெட்டுகிற தலையெல்லாம் அசையாமல் உட்காரட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
அழகுமீனா.

பி.கு. (திங்கட்கிழமை.) சனிக்கிழமை கூரியர் ஆபீஸ் பூட்டியிருந்ததால் கடிதம் போகவில்லை. கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு என் கத்திரியை எடுத்து வரலாம் என்று அன்றைக்கே பார்லருக்குப் போனேன். அங்கன கோட்டைச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தாக. பொடிப் பின்னலு போட்ட ஒன்பது பேர் தலையிலயும் நாலு நாளா ஒரு முடி வெளிய வரலையாம், மத்த பொம்பளைகளும் இதே மாதிரி கேக்காகளாம், வாரம் ஒரு வேன் அனுப்பட்டுமான்னு கேட்டாக. நான் பேசுறதுக்குள்ள பொன்னுத்தங்கம் அக்கா அவுகட்ட, "அண்ணே, அன்னைக்கு ஏத்தச் சொன்னது நான். பின்னைச் சொருகுனதும் நான். சீப்பைப் போட்டு நிறுத்துனது இவ" அப்படின்னுட்டு, என் கையெழுத்துக்கு வச்சிருந்த தாளை மடிச்சு, தரையில கிடந்த முடியை அதுலயே அள்ளிக் குப்பைக்கூடையில போட்டாக.

அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணு வந்து உட்கார்ந்துச்சு. சரி, இதை மட்டும் முடிச்சுட்டுப் போவோம்னு கத்திரியை எடுத்தேன். பாதியில பின்னாடி ஒரு சீப்பு விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தா அக்கா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்காக. கண்ணாடியைப் பார்த்தேன். இடது பக்கம் அரை இஞ்ச் நீளம் மதினி, நெசமாவே. நம்ம கடையில ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சீப்பு விழும். இந்த ரெண்டு வருசத்துல இங்க ஒரு தடவைகூட விழுந்ததில்ல. நான் சரியா வெட்டுறதாலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ஆகவே நாற்காலி வேண்டாம். அன்னைக்கு மட்டும் ஆறு தடவை விழுந்துச்சு. ஒண்ணு சரி, அஞ்சு தேவையில்லாதது. சாயங்காலம் அவுக வீட்டுக்குப் போனதும் அப்பாடான்னு கடைசி ஆளுக்கு முன்முடியில கத்திரியை வச்சேன். கண்ணாடிக்கு மேல இருக்கிற பெட்டிக்குள்ளருந்து 'டக்'குன்னு ஒரு சத்தம். வத்தல் லாரி ஹாரனைக் கேட்ட மாதிரி கத்திரியைத் தூக்கிட்டு நின்னேன்.